பேட்டரி கழற்றிய பிறகும்

"கேம் போட்டாப் போதும், அடுப்பு மாதிரி கொதிக்குது. படமும் திக்கித் திக்கித்தான் ஓடுது. பொண்ணு ஒரே நச்சரிப்பு," என்று சொல்லி லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த அப்பா.

பழுது பார்ப்பவள் அதன் விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதினாள். சிப்பின் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதிது தடவினாள். பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்தாள்.

மறுநாள் காலையிலும், மின் இணைப்பே இல்லாமல், லேப்டாப் சுட்டது. அதன் மேல் வைத்த வெப்பமானி முப்பத்தொன்பது டிகிரி காட்டியது. அவருக்குப் போன் செய்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் ஆகும் சார்."

"பரவால்லம்மா. பொண்ணு காய்ச்சல்ல படுத்திருக்கா. முப்பத்தொம்பதுலயே நிக்குது, இறங்கவே மாட்டேங்குது."

போனை வைத்தவள், மேசை விசிறியை லேப்டாப்பின் பக்கம் திருப்பினாள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தேழு ஆனது. அவரே அழைத்தார்.

"காய்ச்சல் விட்டுடுச்சும்மா! எந்திரிச்சதும் லேப்டாப் எங்கேன்னுதான் கேக்குறா."

அவள் விசிறியை உடனே நிறுத்தினாள். ஆனால் சூடு இறங்குவது நிற்கவில்லை. முப்பத்தாறு. முப்பத்தைந்து. போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

முப்பத்து நான்கு ஆனபோது கடைக் கதவைச் சாத்தினாள். லேப்டாப்பைச் சால்வையில் சுற்றி, வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.