கன்னம் கருத்த சம்மனசு

ஐவி அந்தப் பேழையின் கதவைத் திறந்து பிராந்தி பாட்டிலை வெளியே எடுத்தபோது ஜூலியட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் அதைக் கண்டு அவள் முழங்கால் தானாக மடங்கியிருந்தது. கோயில் பீடத்து நற்கருணைப் பேழை எதிரில் இருந்தால் மயிலாப்பூர் வேதக்காரிக்கு முழங்கால் சும்மா நிற்குமா?

மகள் நிஷாவைப் பெண் கேட்ட இடம் இது. மாப்பிள்ளை லாய்டின் அம்மாதான் ஐவி. அடையாறில் சொந்த பிளாட், நல்ல இடம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

நல்ல இடமாம். திராட்சைக் கொடி செதுக்கி, பொன் பூசிய மரப்பேழை. ஆண்டவரின் சரீரமான அப்பம் இருந்த இடத்தில் ரம், பிராந்தி, கடித்து வைத்த கோழிக்கால். கருமம்.

பழைய சாமான் கடையில் வாங்கியதாம். இப்படி ஒரு பார் யார் வீட்டிலும் கிடையாதாம். ஐவி பெருமையோடு சொல்லிக்கொண்டே போனாள்.

கதவில் சிறகு விரித்த இரண்டு சம்மனசுகள். இடப்பக்கத்துச் சம்மனசின் கன்னம் கருத்திருந்தது.

ஜூலியட் கிட்டே போய்ப் பார்த்தாள். பீடத்தில் பூ வைக்கப் போன குமரிப் பருவத்தில் மெழுகுவத்தியைச் சாய்த்து அந்தக் கன்னத்தைக் கருக்கியவளே அவள்தான். பங்குச் சாமியார் கொடுத்த திட்டு இன்னும் மறக்கவில்லை.

இது அவர்கள் பங்குக் கோயில் பேழை. கரையான் அரித்துவிட்டது என்று எரித்த பேழை.

மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்று, கோயில்பிள்ளையாக மணியடித்து வேலை பார்க்கும் அவள் புருஷன் வில்லியம்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் வைத்து எரித்தார். பார்த்தால் மனசு தாங்காது, யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாம்பலை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நிஷா டைபாய்டில் துவண்டபோது அதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலந்து ஊட்டியவள் ஜூலியட். மிச்சத்தைத் தானும் குடித்தாள்.

எவனோ அந்த மனுஷனை ஏமாற்றியிருக்கிறான். வேறு எதையோ எரிக்கக் கொடுத்துவிட்டு இதை அடித்துக்கொண்டு போயிருக்கிறான். வில்லியம் கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரட்டும். பஸ்ஸில் போனாலும் கோயிலைக் கண்டால் சிலுவை போடுகிறவர். இவர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்டு, சம்பந்தமே வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

வில்லியம் வந்தார்.

பேழையைப் பார்த்தார். கருத்த கன்னத்தையும் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை, கை நெற்றிக்குப் போகவில்லை. நேரே போய், அதற்கு முதுகு காட்டி சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

கரையான் என்று சொன்னது யார்? அவர். எரித்ததைப் பார்த்தது யார்? அதுவும் அவர்தான்.

ஐவி ஐஸ் எடுக்க உள்ளே போனாள். ஜூலியட் முந்தானையால் நாக்கை அழுந்தத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் குனிந்தாள்.

"இன்னா சாம்பல்ங்க அது, நம்ம பொண்ணுக்கு நான் குடுத்தது?"

வில்லியம் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"காச்சல் எறங்கிச்சில்ல. விடு."

ஜூலியட் நிமிர்ந்தாள். இந்த வீட்டில் இனி ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காது. ஆனால் வீட்டுக்குப் போவதென்றால் அந்த ஸ்கூட்டரில், அந்த மனுஷனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும்.