கதவை மறித்தவள்

"போகக் கூடாது. அங்கேயே நில்லுங்க!"

கழிவறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள் ஹேசுக். பியோ தொடைகளை இடுக்கிக்கொண்டு நெளிந்தான். அறுபது வயது ஆளுக்கு முகமெல்லாம் வியர்வை.

"முட்டுதும்மா! புண்ணியமாப் போகும், விடுங்க!"

"முட்டட்டும்."

ஹேசுக்குக்கு உள்ளுக்குள் இனித்தது. வேலை நேரத்தில் பெண்கள் கழிவறைக்குப் போகக் கூடாதென்று தொழிற்சாலைக் கதவை வெளியே பூட்டிய சூப்பர்வைசர் இவன்தான். தீப்பிடித்த அன்றும் பூட்டு தொங்கியது. உள்ளே கருகிச் செத்தவர்களில் அவள் தங்கை மிரேயும் ஒருத்தி. சாவு வீட்டுக்கே தலைகாட்டாத பாவி, அக்காவை எங்கே அடையாளம் காணப்போகிறான்?

"ஓடினா இன்னும் முட்டும். அசையாம நின்னு, மூத்திரத்தை அடக்குற மாதிரி அடியில இறுக்குங்க. விடுங்க. மறுபடி இறுக்குங்க."

இறுக்கினான், விட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் தெளிந்தது.

"அட, அடங்கிடுச்சே!"

"இப்ப நிதானமா நடந்து போங்க."

மூத்திரம் அடங்காதவர்களுக்கான இந்தச் சிகிச்சைக்குத் தேகு நகரத்தில் ஹேசுக்கை விட்டால் ஆளில்லை என்று பெயர். வாரா வாரம் வந்தான் பியோ. "சேர்ந்தாப்ல எவ்வளவு நேரம் உட்கார முடியுது?" என்று ஒவ்வொரு முறையும் மறக்காமல் கேட்பாள்.

"பொண்ணு கல்யாணத்துக்குள்ள சரியாகணும்மா," என்பான். ஒருநாள் கண்ணடித்தான். "ஆனா இந்த நோயால ஒரு சௌகரியமும் உண்டு. வேண்டாத இடத்துக்குக் கூப்பிட்டா, 'உட்கார முடியலை'ன்னு டாக்டர் சீட்டை அனுப்பிடலாம்!"

ஹேசுக்கும் சிரித்தாள்.

பேரிக்காய் பழுக்கும் பருவத்துக்குள் நோய் போயே போய்விட்டது. பேரிக்காய்ப் பெட்டியோடு வந்து, இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுப் போனான்.

வாசலில் அதைப் பார்த்துக் கொதித்துப்போனாள் சுன்போக். மிரேயோடு வேலை பார்த்தவள், அன்று ஜன்னல் வழியே குதித்துப் பிழைத்தவள்.

"த்தூ! தங்கச்சியைக் கொன்னுட்டு, கேசுக்கும் வராம டிமிக்கி குடுக்குறவனுக்கு வைத்தியம் பாத்திருக்கியேக்கா! அப்படியே விட்டிருந்தா நனைஞ்சு நாறியிருப்பானே! உனக்கு ரோசமே கிடையாதா?"

ஹேசுக் பெட்டியைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"இனிமே கோர்ட்ல நாள் முழுக்க உட்காருவான்டி."