உள்ள கீறதே தெரியாது

"மாத்திரைன்னா தினம் மறக்காம போடணும், சில பேருக்குத் தலைவலி வரும். மூணு மாச ஊசின்னா பீரியட்ஸ் முன்னப்பின்ன ஆவும்" என்றாள் குடும்பநல நர்ஸ் புஷ்பலதா.

எதிரே உட்கார்ந்திருந்த கரோலின் தலையாட்டினாள்.

"காப்பர்-டி?"

"அதான் பெஸ்ட்டு. கர்ப்பப்பைக்குள்ள வெச்சா பத்து வருசம் தாங்கும். எடுத்துட்டா மறுபடி குழந்தை நிக்கும். உள்ள கீறதே தெரியாது."

"உடம்புக்கு ஒண்ணும் ஆவாதா?"

"பயமே வேணாம். பிரசவம் ஆன கையோட நாங்களே போட்டு அனுப்பிடுவோம்."

"கேட்டுட்டா, கேக்காமயா?"

"வலியில கெடக்கறவகிட்ட இன்னாத்த கேக்கறது? சரி, உனக்கு எத்தினி புள்ளைங்க?"

"ஒண்ணு. இதே ஆஸ்பத்திரியிலதான் பொறந்தா, எட்டு வருசம் ஆவுது. ரெண்டாவது நிக்கலியேன்னு வருசா வருசம் ராயபுரத்துலேந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன்."

புஷ்பலதா நிமிர்ந்தாள்.

"குழந்தை வேணும்னு நடக்கறவ இதெல்லாம் எதுக்கும்மா விசாரிக்கறே?"

கரோலின் பையிலிருந்து நேற்றைய ஸ்கேன் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நீங்க சொன்னது நெசந்தான் சிஸ்டர். எட்டு வருசமா உள்ள கீறது எனக்குத் தெரியவே இல்ல."