மூன்றாவது கோப்பை

தாமரை காப்பியைக் கொண்டு வந்து வைத்ததும் நான் சிரித்தேன்.

சிரிக்கச் சொல்லித்தான் லேபர் கேம்பில் கூடத் தங்கியிருப்பவர்கள் அனுப்பி வைத்திருந்தார்கள். லீவில் ஊருக்குப் போய்ப் பார்த்த ஐந்து பெண்களும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: மாப்பிள்ளை முகம் கடுகடுவென்று இருக்கிறதாம். பிறவி மூஞ்சி, நான் என்ன செய்ய? முப்பத்தாறு வயதில் இன்னொரு 'வேண்டாம்' கேட்கத் தெம்பில்லை. மூன்று நாளாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகியிருந்தேன்.

பெண் பார்க்க இதுவும் ஒரு இடமா என்று கேட்காதீர்கள். என் கேம்புக்குள் பெண்கள் வரக்கூடாது. அவள் தங்கியிருக்கும் லேடீஸ் ரூமுக்குள் ஆண்கள் போகக்கூடாது. வேறு எங்கே போவது?

ஷார்ஜா முழுக்கத் துருக்கி விழா. தெருவுக்குத் தெரு சிவப்புக் கொடி. மியூசியத்தில் பழைய வாளும் கம்பளமும். லகூன் என்கிற காயல் கரையில் வெள்ளைப் பாவாடை விரியச் சுற்றிச் சுற்றி ஆடுகிற ஆண்கள், பார்க்கிற நமக்குத்தான் தலை சுற்றும். அந்தக் கரையில் போட்டிருந்த துருக்கிக் காப்பிக் கடையில்தான் தாமரைக்குப் பத்து நாள் டியூட்டி. பிரேக் இருபது நிமிடம். அதற்குள் பார்த்து, பேசி, முடிவு பண்ணியாக வேண்டும்.

எனக்கும் இந்த விழாவில் டியூட்டிதான். ஊரெங்கும் தொங்கும் விளக்கப் பலகைகளில் பாதி நான் ஏணி ஏறி மாட்டியது. இப்போது என் தலைக்கு மேலே இருந்ததும் நான் மாட்டியதுதான். ஒரு பெண் காப்பிக் கோப்பையில் வெள்ளையாக ஏதோ போடுகிற படம், கீழே இங்கிலீஷிலும் அரபியிலும் என்னென்னவோ. கோணல் இல்லாமல் மாட்டுவதுதான் என் வேலை, படிப்பதில்லை.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் தாமரை.

"நல்லா இருக்கேன்" என்றேன். வீட்டுக்குப் போன் போட்டால் வாயில் தானாக வருமே, அதே நல்லா இருக்கேன்.

எதிரில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன் பாலகுரு, எங்கள் சைட் ஃபோர்மேன். கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரத் துருக்கி அம்மா, வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலாக மாவு தூவிய துருக்கி மிட்டாய் ஒரு தட்டு.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், கூச்சப்படாமல் நேராகப் பார்த்தாள். கடவுளே, இவள் மட்டும் சரி என்று சொல்லிவிட்டால் போதும்.

ஒரு வாய் குடித்தேன்.

உப்பு! ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீர் மாதிரி உப்பு.

மேசைக்கு அடியில் பாலகுரு என் காலை மிதித்தார். பேசாமல் குடி என்று அர்த்தம்.

துருக்கிக்காரர்கள் பாவம், இதையா தினமும் குடிக்கிறார்கள் என்று நினைத்தபடி இன்னொரு வாய் விழுங்கினேன். மூன்று நாள் பழகிய சிரிப்பு போன இடம் தெரியவில்லை. என் சொந்த மூஞ்சி திரும்பி வந்துவிட்டது எனக்கே தெரிந்தது.

"காப்பி எப்படி இருக்கு?" என்றாள்.

மறுபடி ஒரு மிதி. சேஃப்டி ஷூ வேறு.

அருமை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அருமை என்றால் யார் நம்புவார்கள்?

"உப்புக் கரிக்குதுங்க. மாத்திக் குடுத்தா நல்லா இருக்கும்."

துருக்கி அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கெடுத்தியே உடையப்பா!" என்றார் பாலகுரு. "மேல பாருய்யா, நீ மாட்டுன போர்டுதானே? அவங்க ஊர்ல பொண்ணு பாக்க வந்தா காப்பியில உப்புப் போட்டுத்தான் குடுப்பாங்களாம். மூஞ்சி சுளிக்காமக் குடிக்கிறவனுக்குத்தான் பொண்ணு."

ஆறாவது 'வேண்டாம்'. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழப் போனேன். என் கால் இன்னும் பாலகுருவின் ஷூவுக்கு அடியில்தான்.

"உக்காருங்க" என்றாள் தாமரை.

இதே நாற்காலியில் இந்த வாரம் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டுப் போனார்களாம். இரண்டு பேரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்களாம். ஒருவர் சூப்பர் என்றாராம், மற்றவர் இன்னொரு கப் கேட்டாராம். இரண்டு பேரையும் இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஏன் என்று பாலகுரு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்.

இப்போதுதான் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நம்ம அப்பா சவுதியில இருந்த பதினெட்டு வருசமும் வெள்ளிக்கிழமை தவறாமப் போன் போட்டு, நல்லா இருக்கேன் தாயின்னுதானே சொன்னாரு? ஏர்போர்ட்ல வீல்சேர்ல வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தப்பதானே நமக்குத் தெரிஞ்சுச்சு?"

பாலகுரு என் கால் மேலிருந்து தன் காலை எடுத்தார். பிறகு மிட்டாய்த் தட்டை என் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கங்க மாப்ள" என்றார்.

தாமரை உள்ளே போய் வேறு காப்பி கொண்டு வந்தாள். கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்பச் சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?"

"இல்லைங்க" என்றேன். "ஏணி ஏறி ஏறி வலது முட்டி ரெண்டு மாசமா வலிக்குது." வீட்டில் ஒருவரிடமும் சொல்லாதது, இவளிடம் வந்துவிட்டது.

"திங்கக்கிழமை எனக்கு ஆஃப். டாக்டர்ட்ட போவோம்" என்று கோப்பையை வைத்தாள்.

குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடுதல்.

அதையும் சொன்னேன்.