கயிற்றின் நிறம்

காலையிலிருந்து டிசைனர் நாற்காலியில் முழுசாக உட்காரவில்லை.

உட்காருவான், மவுஸைத் தொடுவான், எழுந்துவிடுவான். தாகம் இல்லாமலே தண்ணீர் குடிப்பான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டரின் மூடியைத் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று மூடுவான்.

எல்லாம் ஸ்கிரீனில் இருந்த அந்த சாஸ் பாட்டில் லேபிளால்தான்.

குதிரையில் வந்து துப்பாக்கியைச் சுழற்றுகிற படங்களில் மதுக்கடை வாசலில் தொங்குமே, அந்த மாதிரி எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒரு மரப்பலகை, மூலைக்கு மூலை ஆணி, குறுக்கே சுற்றிய கயிறு. கலர் ஃபான்ட் என்பார்கள். தட்டினால் போதும், நிறமெல்லாம் உள்ளேயே வைத்து எழுத்து வந்து விழும். சமைத்து, தட்டில் பரிமாறியும் வைத்தாயிற்று. நாம் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

அவனுக்கு இந்த ஃபான்ட் என்றால் உயிர். பிறந்தநாள் தோரணமா, கௌபாய் எழுத்து. சோப்பு உறையா, அதே எழுத்து. போன மாதம் பல் டாக்டர் போர்டுக்கும் அதையே போட்டான். அந்த டாக்டர் இன்னும் இவர்கள் போனை எடுப்பதில்லை.

அதனால்தான் பிரிண்டிங் கடை முதலாளி, அதாவது அவன் மனைவியின் அண்ணன், காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, இதுவும் சொதப்பிச்சுன்னா நாளையிலேருந்து நீங்க லேமினேஷன் மெஷினுக்குப் போயிடுங்க. டிசைனுக்கு வேற ஆள் பாத்தாச்சு."

பார்க்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. பார்த்தாச்சாம். அந்த ஒரு சொல் காலையிலிருந்து நெஞ்சுக்குள் நமநமவென்று அரித்துக்கொண்டிருந்தது. வீட்டில் என்ன சொல்வது? எங்கள் மாப்பிள்ளை கலர் கலராகக் கலக்குவார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்த குடும்பம் அது.

லேபிள் போடக் கேட்டு வந்த சாஸ்காரம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை. பிடிக்காமல் இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். பிடித்துப்போனதால் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் அரைத்த சாஸ் இரண்டு பாட்டிலை அவன் மேஜைமேல் வைத்தாள். ஒன்று பழுத்த மிளகாய், ஒன்று பச்சை மிளகாய்.

"எல்லாம் சூப்பர் தம்பி. பழுத்த மிளகாய்க்குத்தான் மொதல்ல லேபிள். இந்தக் கயிறு மட்டும் அந்த சாஸ் நிறத்துலயே வந்துட்டா போதும்."

பாட்டில்கள் பக்கம் தாடையை ஆட்டினாள். அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டாள்.

டிசைனர் ஒரு பாட்டிலை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான்.

நிறம் ஃபான்ட்டோடு வருவது, மாற்ற முடியாது என்று மச்சானிடம் சொல்லிப் பார்த்தான். அவர் மசியவில்லை. எழுத்தை உடைத்தால் கயிறு தனியாக வந்துவிடும், இது எனக்கே தெரியும், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்றார்.

உடைத்தான். கயிறு தனியாக வந்தது.

இனி பாட்டிலைப் படம் எடுக்க வேண்டும். ஸ்கிரீனில் நிறத்தை உறிஞ்சுகிற குட்டிக் கருவி ஒன்று உண்டு. அதை வைத்துப் படத்தின்மேல் ஒரு தட்டு, கயிற்றின்மேல் ஒரு தட்டு. கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிகிற வேலை.

அதற்கு அவன் என்ன பாடு பட்டான்! மேஜையைச் சுற்றி வந்தான். பாட்டில்களை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான். திரும்பக் கொண்டுவந்து வைத்தான். வாசலை எட்டிப் பார்த்தான், அந்தம்மா பேசி முடிப்பதாகத் தெரியவில்லை. கடைசியில் இரண்டின் மூடியையும் திருகித் திறந்து, விரலால் தொட்டு நக்கினான்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"ருசி தெரிஞ்சாத்தான் மச்சான் டிசைன் நல்லா வரும்" என்று சமாளித்தான்.

ஒன்று லேசாகப் புளித்தது. இன்னொன்று காதில் புகை வரவைத்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, காரமான பாட்டிலைப் பக்கத்தில் இழுத்துப் படம் எடுத்தான். தட்டினான், தட்டினான். கயிறு மாறியது. மறுபடி யோசிக்காமல் உடனே பிரிண்ட் கொடுத்துவிட்டான்.

லேபிள் வெதுவெதுப்பாக வெளியே வரவும் சாஸ்காரம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

முதலாளிதான் முந்திக்கொண்டு எடுத்தார். முகம் கறுத்துவிட்டது.

"சிவப்பு சாஸுக்குப் பச்சைக் கயிறா? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

டிசைனர் பிரிண்டரின் மூடியை மறுபடி திறந்து மூடினான். காரத்தில் எரிந்த காது அவமானத்தில் இன்னும் எரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

சாஸ்காரம்மா லேபிளைப் பார்த்தாள். திறந்து கிடந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்தாள். பிறகு, அவன் விரல் நுனியில் ஒட்டியிருந்த சாஸை.

"அடடா, நான்தான் மாத்திச் சொல்லித் தொலைச்சுட்டேன். தம்பி மேல தப்பில்ல. இது பச்சைக்கு இருக்கட்டும், சிவப்புக்கு இன்னொண்ணு போட்டுக்கலாம்."

முதலாளி அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ முணுமுணுத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

அவர் தலை மறைந்ததும், அந்தம்மா தன் பையின் வாயில் கட்டியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றினாள். ஒரு பாட்டிலின் கழுத்தில் மாட்டி, அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"பச்சைதான் தம்பி காரம் ஜாஸ்தி" என்றாள் மெதுவாக. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், ரெண்டும் ஒரே நிறமா இருக்குன்னு நக்கிப் பாத்துட்டு நிப்பாரு. ரப்பர் பேண்ட் போட்டதுதான் சிவப்பு."