பாட்டில் நிறையும் நேரம்

“இது மூணாவது தடவை. இன்னிக்கு நீங்க போனப்புறமும் தண்ணி நூல் மாதிரி வந்துச்சுன்னா, உங்க ஆஃபீசுக்கு நானே நேர்ல வந்துடுவேன்” என்றார் வீட்டுக்காரம்மா, ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடியே.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தலையசைத்தார். அந்த அம்மா நேரில் வரத் தேவையே இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரே பழுதுக்கு ஒரு மாதத்தில் நான்காவது அழைப்பு வந்தால், அந்த மெக்கானிக்கை வீடுகளுக்கு அனுப்பாமல் கிடங்கில் பெட்டி அடுக்க வைப்பது கம்பெனியின் விதி. பதினெட்டு ஆண்டுகளாக ஃப்ரிட்ஜின் இரைச்சலைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுகிறவருக்கு, அட்டைப் பெட்டிகளோடு என்ன பேச்சு இருக்க முடியும்?

கதவிலேயே குடிநீர் வரும் பெரிய ஃப்ரிட்ஜ் அது. டம்ளரை வைத்து அழுத்தினால் குளிர்ந்த நீர் தாராளமாகக் கொட்ட வேண்டும். முதல் முறை ஃபில்டரை மாற்றினார், கொட்டியது. இரண்டாம் முறை, பின்னாலிருக்கும் குழாய் எங்காவது நசுங்கியிருக்குமோ என்று அதையும் மாற்றினார், கொட்டியது. இரண்டு முறையும் ஒரு வாரம் ஆவதற்குள் தண்ணீர் பழையபடி நூலாகிவிட்டது.

வீட்டுக்காரம்மா வேலைக்குக் கிளம்பிப் போனார். சாப்பாட்டு மேசையில் அவருடைய கணவர், இஸ்திரி போட்ட சட்டையோடு, மூடிய லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்தே அலுவலகம் நடத்துகிறவர் போலும் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். எந்த நேரத்தில் தண்ணீர் குறைகிறது என்று கேட்டதற்கு, அந்த மனிதர் தெரியாது என்பதாகக் கையை மட்டும் விரித்தார்.

இந்த மாதிரி ஃப்ரிட்ஜ் எதைத் தொட்டாலும் முதலில் அதற்குத் தண்ணீர் விடும் சுவரோர வால்வை மூடுவதும், வேலை முடிந்ததும் அதை முழுக்கத் திறப்பதும் மெக்கானிக்கின் வழக்கம். கை தானாகச் செய்துவிடும். கண் அந்தப் பக்கம் போவதில்லை. இன்று ஃப்ரிட்ஜை முன்னே இழுத்துவிட்டு, எதையும் தொடாமல் டார்ச் வெளிச்சத்தில் கண்ணை மட்டும் அனுப்பினார். வால்வு கால்வாசிதான் திறந்திருந்தது. அதன் பிடி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டுவதுபோல், சுவரில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி.

ஆக, பழுதைப் போக்கியது புது ஃபில்டரும் இல்லை, புதுக் குழாயும் இல்லை. போகிறபோது வால்வை முழுக்கத் திறந்துவிட்டுப் போன அவருடைய கைப்பழக்கம். அதை யாரோ மறுபடி மறுபடி, அளவு பார்த்து மூடியிருக்கிறார்கள். யார்? எதற்கு?

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காக விடுமுறையில் படித்துக்கொண்டிருக்கும் மகள், காலிப் பாட்டிலோடு வந்தாள். ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மெக்கானிக் ஃப்ரிட்ஜின் பின்னாலேயே ஒதுங்கி நின்றார். நூல் இறங்கத் தொடங்கியது.

“ஏம்ப்பா, வெயில்ல ரோட்டுல தண்ணி கிடக்கற மாதிரி தெரியுதே, அது எப்படிப்பா?” என்றாள் அவள்.

அதுவரை வாயில் பூட்டுப் போட்டிருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உப்புக் கிண்ணத்தைச் சூரியனாக்கினார், கரண்டியைச் சாலையாக்கினார். சாலை ரொம்பக் குழியாக இருக்கிறதே என்று மகள் கேலி செய்தபோது சிரிக்கக்கூடச் செய்தார். மூன்று நிமிடத்தில் பாட்டில் நிறைந்தது. “சரி, போய்ப் படி” என்றார். உள்ளறைக் கதவு மூடிக்கொண்டது. கூடவே அவர் முகமும்.

மெக்கானிக்குக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அறைக்குள் அடைந்து கிடக்கும் மகளை மூன்று நிமிடம் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளத் தகப்பன் செய்த தந்திரம் இது. நகப்பூச்சு மகளுடையது, யோசனை இவருடையது. கோபம் வரவில்லை. ஆனால் கிடங்கு கண்முன் நின்றது.

மேசையருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். “சார், எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு, புரியுது. ஆனா நீங்க இப்படி வால்வைத் திருகி வெச்சா என் பொழப்பு போயிடும்.”

“வால்வா?” என்ற அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “இதுக்குப் பின்னாடி வால்வு வேற இருக்கா?”

அந்த முகத்தில் நடிப்பதற்கான தெம்புகூட இல்லை. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஆள். மெக்கானிக் உள்ளறைக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவளின் நகங்கள் சிவப்பாக இருந்தன. அவளுக்குப் பின்னால், புத்தகங்களுக்கு நடுவே, ஆறு பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஆறிலும் கழுத்து வரை தண்ணீர். ஒரு வாய்கூடக் குடிக்கப்படவில்லை.

“அப்பாவுக்கு வேலை போய் நாலு மாசமாச்சு, அங்கிள்” என்றாள், மேசைப் பக்கம் கேட்டுவிடாத குரலில். “யார்கிட்டயும் பேசறதில்ல. நான் போய்ச் சும்மா பக்கத்துல நின்னா, படிக்கப் போன்னு அனுப்பிடறார். இந்தப் பாட்டில் ரொம்பற வரைக்கும்தான் பேசறார். நான் கேக்கற கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும், அங்கிள்.”

மெக்கானிக் ஃப்ரிட்ஜ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

“அந்த நெயில் பாலிஷைக் கொஞ்சம் குடும்மா. அம்மா வீட்ல இருக்கறப்ப வால்வை முழுக்கத் திறந்து வெக்க, இன்னொரு புள்ளி வெச்சுட்டுப் போறேன்.”