சாயாத மூட்டை

கும்மிடிப்பூண்டியில் ரயில் கரிப்புகையை விட்டுவிட்டுப் போகிறது. இடுப்பில் எலும்புக்குப் பதிலாக எஃகு வைத்துக்கொண்டு, மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் மீன்காரி செல்லியம்மாள் கைத்தடியோடு நிற்கிறாள். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, "மூட்டைய தூக்கி வைய்யா" என்கிறாள். புருஷன் செங்கல்வராயன் பதறுகிறான். "டாக்டரு இன்னா சொன்னாருமே?" "குனியக் கூடாதுன்னாரு. நான் எங்க குனிஞ்சேன்?" துணிமூட்டை தலையேறுகிறது. நொண்டிய காலத்தில் அடிக்கொருதரம் மீன்கூடை சாயும். ஒரு கை அதைப் பிடித்தபடியே இருக்கும். இப்போதும் பழக்கத்தில் கை மேலே போகிறது. வெயிலில் தடியூன்றி நடக்கிறாள். மூட்டை சாயவில்லை. ரயில்வே கேட்டருகே மூட்டையிலிருந்து மெல்லக் கையை எடுத்து, வளையல் குலுங்க வீசி நடக்கிறாள். மூட்டை சாய்ந்தால் பிடிக்கப் பின்னால் இரு கையையும் ஏந்தியபடி வரும் புருஷனைத் திரும்பிப் பாராமலே சொல்கிறாள்: "நீயும் கைய எடுய்யா."